ஃபிளாட் வீட்டில் சீறும் கரப்பான் வளர்ப்பது: பெட்டி, எறும்பு, கொசுப்புகை

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஃபிளாட்டில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: பன்னிரண்டு வயது மகன் மடகாஸ்கர் சீறும் கரப்பான் வளர்க்க ஆசைப்படுகிறான். கடையில் கண்ணாடித் தொட்டி விலை அதிகம். வீட்டிலேயே பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து வளர்க்க முடியுமா? தப்பித்தால் வீடு முழுக்கப் பெருகிவிடுமா? இந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்தே மாமியார் முகம் சுளிக்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

வளர்க்கலாம் சகோதரி. பெட்டியும் வீட்டிலேயே செய்துவிடலாம், முப்பது நாற்பது வெள்ளிக்குள் முடிகிற வேலை. நான் பினாங்கில் ரொம்ப காலமாக இவற்றை வளர்க்கிறேன், முதலில் பல்லிகளுக்குத் தீனியாக, அப்புறம் இவற்றுக்காகவே. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தம்பி பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் செய்தவை. சூடு கொடுக்கும் விரிப்பு வை, தண்ணீர் தெளி, மூடியை நன்றாக மூடு என்று சொல்வார்கள். அதை அப்படியே கோலாலம்பூரில் செய்தால் ஒரு மாதத்தில் பெட்டி பூஞ்சை பிடித்து நாறும். நமக்குச் சூடு இலவசமாகவே கிடைக்கிறது. பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24. சீறும் கரப்பானுக்கு இதைவிடப் பொருத்தமான வெப்பம் கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது மூன்று விஷயங்களை: காற்றோட்டம், எறும்பு, வீட்டில் அடிக்கும் மருந்து.

மாமியாருக்கான பதிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சாக்கடைக் குழாயிலிருந்து ஏறி வந்து சமையலறையில் பறக்கும் கரப்பான், சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் காலில் சுமந்து வரும். அதைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார். உலகத்தில் 4,600க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் இருக்கின்றன. மனிதன் வீட்டுக்குள் வந்து தொல்லை தருபவை அவற்றில் மிகச் சில. மற்றவை காட்டில் இலைச்சருகையும் மக்கிய மரத்தையும் தின்று மண்ணாக்கிக்கொண்டிருக்கின்றன. தம்பி கேட்கும் சீறும் கரப்பான், அறிவியல் பெயர் குரோம்ஃபடோரினா போர்டெண்டோசா, மடகாஸ்கர் காட்டுத் தரையில் வாழும் இனம். வளர்ந்தது 5 முதல் 7.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இறக்கையே கிடையாது, வேகமாக ஓடவும் ஓடாது. சாக்கடைப் பக்கம் போகாமல் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒன்றை, தொட்டுவிட்டுக் கை கழுவினால் போதும்.

பினாங்குப் பக்கம் வந்தால் அவரையும் தெலுக் பஹாங்கில் உள்ள எந்தோப்பியாவுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். 1986-இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016-இல் பெரிதாக்கித் திறந்த இடம். உயிருள்ள பூச்சிகளை அதற்கென்று உள்ளவர்கள் விளக்கிக் காட்டும்போது பெரியவர்களின் அருவருப்பு பாதி குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அது அவருடைய வீடும்கூட. ஒளித்து வைத்து வளர்க்க வேண்டாம்.

இனம் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெட்டி எப்படிச் செய்வது என்பதைவிட இது முக்கியம். கடைக்காரர் உங்களிடம் மூன்று வகை காட்டக்கூடும். ஒன்று சீறும் கரப்பான். அடுத்தது டூபியா, தென் அமெரிக்க இனம், நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். ஆணுக்கு முழு இறக்கை, பெண்ணுக்கு வெறும் துண்டு இறக்கை. வழவழப்பான சுவரில் இதனால் ஏற முடியாது என்பதால் தொடக்கக்காரர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் நாளெல்லாம் அட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும், பையனுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. மூன்றாவது, ரெட் ரன்னர் என்று விற்கும் துருக்கிஸ்தான் கரப்பான். அதை மட்டும் வாங்காதீர்கள். படுவேகமாக ஓடும், முட்டைக்கூட்டை அங்கங்கே போட்டுவிட்டுப் போகும். 1978-இல் கலிபோர்னியாவில் ஓர் இராணுவக் கிடங்கில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இனம், இன்று அமெரிக்காவின் தென்மேற்கு நகரங்களில் வெளியிலேயே வாழ்ந்து பெருகுகிறது.

குளிர் நாட்டில் ஒரு கரப்பான் வெளியே தப்பினால் பனிக்காலம் அதைக் கொன்றுவிடும். நமக்கு அந்தக் காவல் இல்லை. பெட்டிக்குள் அதை நன்றாக வாழவைக்கும் அதே வெக்கையும் ஈரமும் வெளியிலும் இருக்கின்றன. அதனால்தான் மெதுவாக நடக்கிற, முட்டையை வெளியே போடாமல் வயிற்றுக்குள் வைத்தே குஞ்சு பொரிக்கிற இனத்தையே நம் ஊரில் வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். சீறும் கரப்பானும் டூபியாவும் அப்படிப்பட்டவை.

பெருகுமா என்ற கேள்விக்கும் இங்கேயே வழி இருக்கிறது. ஆண்களை மட்டும் வாங்குங்கள். தலைக்குப் பின்னால் உள்ள கவசத்தில் இரண்டு கொம்புபோல மேடு இருந்தால் ஆண். வழவழவென்று இருந்தால் பெண். ஆணின் உணர்கொம்பு சற்று மயிர் அடர்ந்ததாகவும் இருக்கும். வளர்ந்த பெண்ணை வாங்கினால் அது ஏற்கனவே கருவுற்றிருக்கலாம். இரண்டு மாதத்தில் இருபது முப்பது குஞ்சுகள் வந்து நிற்கும். நான்கு ஆண்கள், நான்குக்கும் தனித்தனியாக ஒளிய இடம், இது ஒரு ஃபிளாட்டுக்குச் சரியான அளவு. கொம்பால் முட்டிக்கொண்டு சண்டை போடும், ஆனால் ஒன்றையொன்று கொல்லாது. எப்போதாவது உணர்கொம்பின் நுனி உடையும், அவ்வளவுதான்.

இனி பெட்டி. மிஸ்டர் டிஐஒய் போன்ற கடையில், இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். 30, 40 லிட்டர் அளவு போதும். உள்ளே தெரிகிற மாதிரி இருந்தால் பையனுக்கு நல்லது. கொக்கி இல்லாத, சும்மா அமுக்கி மூடும் மூடி வேண்டாம். சீறும் கரப்பானுக்குக் காலில் ஒட்டும் மெத்தை உண்டு, கண்ணாடியிலேயே ஏறும். நாலைந்து சேர்ந்து தள்ளினால் தளர்ந்த மூடி தூக்கிக்கொள்ளும்.

மூடியில் ஒரு சன்னல், பக்கச் சுவரில் மேற்பாதியில் இன்னொரு சன்னல் வெட்டுங்கள். இரண்டும் எதிரெதிர் ஓரங்களில் இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று பெட்டிக்குள் குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் பத்துப் பதினைந்து துளை போட்டுவிட்டு விடுவது நம் ஊருக்குப் போதாது. ஒவ்வொரு சன்னலும் ஒரு பெரியவர் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். நான்கு மூலையிலும் துளை போட்டு, சூடாக்கிய கத்தியால் மெதுவாக வெட்டலாம். இதை நீங்களோ வீட்டுக்காரரோ சன்னல் ஓரத்தில் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதல்ல.

வலைக்கு, துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத எஃகு வலை. ஹார்ட்வேர் கடையில் துண்டாக வெட்டித் தருவார்கள். பிளாஸ்டிக் கொசுவலையைக் கரப்பான் கடித்து ஓட்டை போட்டுவிடும். இந்த வலையை ஒட்டுவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகள் பாலிப்ரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அதில் குளூ கன் பசை முதலில் ஒட்டியதுபோல இருக்கும், சில வாரத்தில் தகடாகப் பெயர்ந்து வந்துவிடும். எனவே வலையைச் சன்னலைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, மின்சாரத்தில் சூடாகும் சோல்டரிங் கம்பியால் அதன் ஓரத்தைச் சூடாக்கி, உருகும் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் பதியுங்கள். ஆறியபின் இழுத்தாலும் வராது. சோல்டரிங் கம்பி இல்லையென்றால் சின்ன போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கலாம், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

உள்சுவரின் மேல் விளிம்புக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வேஸ்லின் பூசுங்கள். மெல்லிய பூச்சு போதும், கொட்டிப் பூச வேண்டாம். ஒட்டும் காலுக்கு அதில் பிடி கிடைக்காது. மதிய வெக்கையில் வேஸ்லின் இளகி வழியும், தூசியும் ஒட்டும். மாதம் ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பக்கச் சுவர் சன்னல் இந்தப் பட்டைக்குக் கீழே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைப்பதற்குப் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். மளிகைக் கடையில் முப்பது முட்டை வரும் அட்டைகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அவற்றைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், கழிவு கீழே விழும், அட்டை காய்ந்தே இருக்கும். சீறும் கரப்பானுக்கு நான் இன்னும் விரும்பிக் கொடுப்பது சிரட்டை. தேங்காய் துருவியபின் ஓடுகளை வெந்நீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, ஓரத்தில் வாசல்போல ஒரு துண்டு உடைத்துக் கவிழ்த்து வையுங்கள். ஆளுக்கொரு சிரட்டை. ஆண்கள் அதைத் தன் இடமாக்கிக் காவல் காக்கும். தரையில் தேங்காய் நார்த்தூள் இரண்டு விரல் உயரம் போடலாம், அல்லது வெறுமையாகவே விடலாம். முதல் சில மாதங்களுக்கு வெறும் தரையே நல்லது. எங்கே ஈரம் நிற்கிறது, எவ்வளவு கழிவு சேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வெயில் படும் பால்கனியில் வைக்கவே கூடாது. நேர் வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். வரவேற்பறையில் சுவரோரம், சன்னலிலிருந்து தள்ளி, அது போதும்.

எறும்பு இரண்டாவது எதிரி. ஓர் இரவில் ஒரு பெட்டியையே காலி செய்துவிடும், அதுவும் தோலுரித்த நேரத்தில் மாட்டினால் கரப்பானால் தப்பவே முடியாது. பெட்டியைச் சின்ன பிளாஸ்டிக் முக்காலியின் மேல் வைத்து, ஒவ்வொரு காலையும் ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விடுங்கள். சோப்பு இருந்தால் எறும்பு நீரில் மிதந்து கடக்க முடியாது. இந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை பொரித்து, வளர்ந்து, கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வீட்டில் லார்வா இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் விதிப்பார்கள். அபராதம் ஒரு பக்கம், டெங்கி வந்தால் அது வேறு. வாராவாரம் கழுவ முடியாது என்றால் தண்ணீரே வேண்டாம், முக்காலியின் காலில் கெட்டியாக வேஸ்லின் தடவிவிடுங்கள்.

எறும்புச் சாக்பீஸ் மட்டும் பெட்டி இருக்கும் அறையில் கோடு போடாதீர்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி, எறும்புக்கும் கரப்பானுக்கும் அது வேறுபாடு பார்க்காது. கொசுவத்திச் சுருளும் அப்படித்தான், ஸ்ப்ரேயும் அப்படித்தான். பாச்சை உருண்டை அலமாரியில் இருந்தால் பெட்டியை அதற்கு அருகில் வைக்க வேண்டாம். சாமி மேடைக்கு முன்னாலும் வேண்டாம், நாள்தோறும் சாம்பிராணிப் புகை நேராகப் பெட்டிக்குள் போவது நல்லதில்லை. வீட்டில் பூனைக்குக் கழுத்தில் உண்ணி மருந்து தடவினால், கை கழுவாமல் பெட்டியைத் தொடக்கூடாது.

நம் ஊருக்கென்றே உள்ள ஆபத்து கொசுப்புகை. அக்கம்பக்கத்தில் டெங்கி வந்தால் சுகாதாரத் துறையினர் புகை அடிக்க வருவார்கள், கதவு சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அதைத் தடுக்க நினைக்க வேண்டாம், அது பொது நலம். அறிவிப்பு வந்ததும் பெட்டியை உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். நேரம் இல்லையென்றால், பெட்டியைப் பெரிய குப்பைப் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, குளியலறையில் வையுங்கள். நான்கு கரப்பானுக்கு உள்ளே இருக்கும் காற்று சில மணி நேரத்துக்குத் தாராளமாகப் போதும். புகை முழுக்க அடங்கி, வீட்டைத் துடைத்தபின், பையின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுப் பிரியுங்கள். பினாங்கில் இதைச் செய்யாமல் விட்டு, வளர்த்த அத்தனையையும் ஒரே மாலையில் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

தீனிக்குச் சமையலறைக் கழிவே போதும்: கேரட், பூசணித் துண்டு, வாழைப்பழத் தோல், பப்பாளி, கீரைத் தண்டு. கடையில் வாங்கிய காய்கறியை நன்றாகக் கழுவியோ தோல் சீவியோ கொடுங்கள். மரவள்ளி இலை வேண்டாம், அதில் சயனைடு உண்டு. எண்ணெய், உப்பு, மசாலா பட்டது எதுவும் வேண்டாம். உலர் தீனியாக ஓட்ஸும் கோழித் தீனியும் கலந்து ஒரு சின்ன மூடியில் வைக்கலாம், மீன் தீனி கொஞ்சம் சேர்த்தால் புரதம் கிடைக்கும். ஈரத் தீனியை மாலையில் வைத்து மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுவது கட்டாயம். இங்கே ஒரு பழத்துண்டு இரண்டு நாள் கிடந்தால் சின்ன ஈக்கள் வந்துவிடும், அவற்றை விரட்டுவது பெரும் பாடு. தண்ணீருக்குத் திறந்த கிண்ணம் வைக்காமல், ஈரப் பஞ்சு ஒன்றை இன்னொரு சின்ன மூடியில் வைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உலர் தீனியின் மேல் வெள்ளைத் தூசு நகர்வதுபோல் தெரிந்தால் அது தானியப் பேன், பெட்டி ஈரமாக இருக்கிறது என்று பொருள். தீனியைக் கொட்டி, பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள்; தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். கரப்பானின் கால் இடுக்கில் ஊரும் வெளிறிய சின்னஞ்சிறு பேன் வேறு. அது சீறும் கரப்பானோடு கூடவே வாழ்வது, அதன் உடம்பில் ஒட்டும் தீனித் துணுக்கைத் தின்னும், கெடுதல் செய்யாது. அதைக் கழுவ வேண்டாம்.

தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். அந்தச் சீறல் வாயிலிருந்து வருவதல்ல. வயிற்றின் பக்கவாட்டில் மூச்சுத் துளைகள் வரிசையாக உண்டு. நான்காம் வளையத்தில் உள்ள ஒரு சோடி மட்டும் அதற்கென்றே மாறி அமைந்திருக்கிறது. காற்றை அந்தத் துளை வழியாக அழுத்தி வெளியே தள்ளுவதுதான் சீறல். பயந்தால் ஒரு மாதிரி, ஆண்கள் சண்டையில் ஒரு மாதிரி, பெண்ணை அழைக்க இன்னொரு மாதிரி. பழகியபின் கையில் எடுத்தால் சீறுவதையே நிறுத்திவிடும். தூக்கும்போது மேலிருந்து பிடித்து இழுக்கக் கூடாது, காலில் உள்ள கொக்கி தரையைப் பற்றிக்கொள்ளும், இழுத்தால் கால் போய்விடும். கையை முன்னால் வைத்துப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினால் தானே ஏறும்.

குட்டி வாங்கி வளர்த்தால் அது வளர்ந்து முடியுமுன் ஆறு முறை தோலுரிப்பதைப் பார்க்கலாம். புதிதாக உரிந்தது பால் வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். நோய் வந்துவிட்டதோ என்று பயந்து தொட வேண்டாம், அப்போது உடம்பு மிக மென்மை. உரித்த தோலை அதுவே தின்னும், விட்டுவிடுங்கள். நன்றாகக் கவனித்தால் இரண்டு மூன்று ஆண்டு வாழும், ஐந்து ஆண்டு வரை வாழ்வதும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். கரப்பான் கழிவும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் மூச்சுத் தொல்லையைக் கிளப்பும், இது எந்த இனக் கரப்பானுக்கும் பொருந்தும். இறால் தின்றால் தடிப்பு வருகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும், இறாலிலும் தூசுப் பேனிலும் கரப்பானிலும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டு, திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்தக் கழிவை அப்படியே குப்பையில் போடாமல் பையில் கட்டி இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து அப்புறம் போடுங்கள், பெண் கரப்பான் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு அதில் இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் ஆர்டர் கொடுத்துத் தருவிக்க வேண்டாம். உயிருள்ள பூச்சியைக் கொண்டுவர அனுமதி வேண்டும், எல்லையில் சோதனை அதிகாரிகள் பிடித்தால் சிக்கல். ஏற்கனவே இங்கே வளர்ப்பவரிடமிருந்து வாங்குங்கள். தமிழ்நாட்டு முள்காடுகளில் தேரியா பெட்டிவேரியானா என்று ஓர் அழகான கரப்பான் உண்டு. கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளி, 1758-இலேயே உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் பெயர் வைத்தது. ஊருக்குப் போய்வரும்போது டப்பாவில் போட்டுக் கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடாது, அதற்கும் அதே சட்டம்தான். நம் மலேசியக் காட்டிலேயே தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பெரிஸ்பேரஸ் கரப்பான் இருக்கிறது, அதன் குஞ்சுகள் தாயின் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டு வளரும். அதைக் காட்டிலேயே பார்த்துவிட்டு வருவதுதான் சரி.

வளர்க்க அலுத்துப்போனால் தித்திவங்சா ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அரோவானா மீனோ பல்லியோ வளர்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது வேறொரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போவதென்றால், வெட்டிய பழம் எதுவும் வைக்காமல், முழுக் கேரட் இரண்டும் உலர் தீனியும் வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கத் தேவையில்லை. கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் கிளம்பும் நாளில் கொட்டிவிட்டு, முக்காலியின் காலில் வேஸ்லின் தடவிவிடுங்கள்.